கார்பன் டிராகன்: 66 கிலோவில் ஒரு முழு கிளைடர்

ஒருவர் மட்டும் உட்காரும், மிகவும் எடை குறைந்த அல்ட்ராலைட் கிளைடர்களில், அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் விமானங்களில், எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால் இன்றும் கார்பன் டிராகனைத்தான் சொல்வேன். ஜிம் மாப்பின் வடிவமைத்து 1988-ல் பறந்த அமெரிக்க கிளைடர் இது, கடையில் கிடைத்ததில்லை, வரைபடம் வாங்கி நாமேதான் கட்ட வேண்டியிருந்தது. இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை வகுத்துக் கொடுத்தவர் இர்வ் கல்வர். அமெரிக்க விமானத் தயாரிப்பாளரான லாக்ஹீட் நிறுவனத்தின் ரகசிய விமானப் பிரிவுக்கு ஸ்கங்க் வொர்க்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதே இவரால்தான்.

இறக்கை நுனிக்கு நுனி 13.4 மீட்டர், காலி எடை 66 கிலோ. அமெரிக்க விதிப்படி எஞ்சின் இல்லாத அல்ட்ராலைட் 155 பவுண்டுக்குள், அதாவது சுமார் 70 கிலோவுக்குள் இருந்துவிட்டால் பைலட் லைசென்ஸே தேவையில்லை. அவ்வளவு நீள இறக்கையை வைத்துக்கொண்டு அந்த வரம்புக்குள் அடங்கியதற்குக் காரணம், பாரம் அதிகம் தாங்கும் ஸ்பாரில் (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற சட்டம்) கார்பன் ஃபைபரை வைத்துவிட்டு மற்ற இடங்களில் பெரும்பாலும் மரத்தையும் துணியையும் வைத்தே சமாளித்ததுதான். எனக்கு இந்தச் சிக்கனம் மிகவும் பிடிக்கும்.

இவ்வளவு எடை குறைத்து என்ன கிடைத்தது? மெதுவாகச் சுற்றலாம். 30 டிகிரி சாய்ந்து மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் வட்டமடிக்கும் பெரிய கிளைடருக்கு ஆரம் ஏறக்குறைய 100 மீட்டர் வரும், அதே சாய்வில் 40 கி.மீ. வேகத்தில் போனால் 22 மீட்டர்தான், ஆகவே பெரிய கிளைடர் நுழையவே முடியாத குறுகலான தெர்மலுக்குள், அதாவது வெப்பத்தால் மேலெழும் காற்றுக்குள், இது பருந்து மாதிரி சுற்றி ஏறிவிடும். கிளைடர் பைலட் கேரி ஒசோபா 1990-களில் இதில் உலக சாதனைகள் படைத்தது இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஏறுகாற்றை நம்பித்தான்.

அப்புறம் அந்த ஃபிளாப்பெரான். இறக்கையின் பின்விளிம்பு முழுக்க ஒரே பலகையாக அசைகிறது, மெதுவாகப் பறக்க மொத்தமும் கீழே இறங்கும், வேகம் எடுக்க மேலே ஏறும், திரும்புவதற்கும் அதே பலகைதான். நீள இறக்கை, மெதுவான வேகம் என்பதால் திரும்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், வாலில் இருக்கும் ரடரை (திசை திருப்பும் பலகை) நன்றாக மிதிக்க வேண்டியிருக்கும். அதைப் பழகிக்கொள்ளலாம்.

பழகவே முடியாதது எதிர்காற்றுதான். சறுக்கு விகிதம் 25, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 25 மீட்டர் முன்னே போகும் என்பது அமைதியான காற்றில். பைலட்டோடு சேர்த்தும் இறக்கைப் பரப்பில் சதுர மீட்டருக்கு 10 கிலோ அளவிலேயே பாரம் இருப்பதால் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே முன்னேறத் திணறும். காலால் ஓடிக் கிளம்புவதற்காக அடியில் வைத்த கதவுகளும் எனக்கு ஒப்பவில்லை. 66 கிலோவைத் தோளில் தாங்கிக்கொண்டு எத்தனை பேர் ஓடிவிடுவார்கள்? காரில் கட்டி இழுத்தே கிளம்பலாம், கதவுகளை எடுத்துவிட்டு அந்த எடையைத் தரையைத் தொடும் அடிப்பகுதிக்குக் கொடுத்திருக்கலாம்.