சாவி யாரிடம்? மூன்று முதியோர் இல்லங்கள், மூன்று நிர்வாகங்கள்

அத்தைக்கு 78 வயது. சர்க்கரை, முழங்கால் தேய்மானம், பிள்ளைகள் இல்லை. மாமா போன பிறகு ஒரு வருஷம் தனியாகச் சமாளித்துப் பார்த்தார். பாத்ரூமில் ஒருமுறை விழுந்து எழுந்ததும், "எங்காச்சும் சேத்தி உட்டுரு கண்ணு" என்று அவரே சொல்லிவிட்டார். அப்படித்தான் கோயமுத்தூரைச் சுற்றி இல்லம் இல்லமாக ஏறி இறங்க ஆரம்பித்தேன். இரண்டில் அத்தை தங்கியிருக்கிறார். இன்னொன்றில் எங்கள் வீட்டில் இருபது வருஷம் சமைத்த அம்மா இருக்கிறார். மாதம் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கட்டடம், சாப்பாடு, கட்டணம் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே ஒப்பிடுவது நிர்வாகத்தை மட்டும்.

இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷன் ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டு ஓர் இல்லத்தை எடைபோடும். 'நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா' என்பது அதில் ஒன்று. மதிப்பீடு நான்கு படிகளில் இருக்கும். அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படித்துக்கொள்ளலாம். நமக்கு 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும்படி மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. இல்லங்களை எப்படி நடத்துவது, என்ன தரம் வேண்டும் என்பதற்குத் திட்டம் வகுக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த 'லாம்' இருக்கிறதே, அதில்தான் எல்லாம் தொங்குகிறது. ஆகவே இல்லத்தின் படியேறும்போது இன்ஸ்பெக்டர் வேலையையும் நாமே சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் அத்தையைச் சேர்த்தது ஒரு வாடகை வீட்டில், 16 பேரோடு. நடத்துபவர் முன்னாள் நர்ஸ். தாத்தா பாட்டிகள் உட்பட எல்லோருக்கும் அவர் 'அக்கா'. யாருக்கு மோர் ஒத்துக்கொள்ளாது, யாருடைய மகன் எந்த மாதம் பணம் அனுப்பாமல் டிமிக்கி கொடுப்பான், எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு அத்தைக்கு மூச்சு வாங்கியது. அக்கா யாரையும் கேட்கவில்லை. தன் காரிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார். "சேத்தாச்சு, நீங்க பதறாம வாங்க." இந்த வேகம் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த வீட்டில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. இனிப்பைத் தேடித் தின்றுவிடும் ஒரு தாத்தாவுக்குப் பயந்து அதற்குப் பூட்டு. சாவி அக்காவின் கைப்பையில். தங்கை மகள் கல்யாணத்துக்கு அக்கா இரண்டு நாள் திருநெல்வேலி போனபோது சாவியும் கூடவே போய்விட்டது. உள்ளே அத்தையின் இன்சுலின். வேலைக்கிருந்த இரண்டு பெண்களும் நல்லவர்கள்தான், ஆனால் பூட்டை உடைக்கிற தைரியம் அவர்களுக்கு எப்படி வரும்? போன் செய்து கேட்கக்கூடத் தயங்கியிருக்கிறார்கள். "அக்கா வந்துரட்டும் பாட்டி." மூன்று வேளை ஊசி போச்சு. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது குளுக்கோமீட்டர் 380 காட்டியது. அக்கா கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார், உடனே மாற்றுச் சாவியும் போட்டார். அந்த மாற்றுச் சாவியும் அதே கைப்பையில்தான் இருந்தது என்பது அடுத்த மாதம் தெரியவந்தது.

இதற்கு நேர் எதிர், கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லம். அங்கே ஆளை நம்பி எதுவும் இல்லை. மணியடித்தால் காரியம் நடக்கும். இந்த மாதிரி நிர்வாகத்தின் பலத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை உதவும். 1839-இல் பிரான்சில் ழான் ஜுகான் என்கிற பெண், பார்வையில்லாத ஒரு கிழவியைக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்தார். முதியோர் இல்லங்கள் நடத்தும் 'லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர்' என்கிற கன்னியாஸ்திரீகள் சபை அங்கிருந்து வளர்ந்ததுதான். 1843-இல் சிஸ்டர்கள் அவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த பாதிரியார் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கி வேறொருவரை உட்காரவைத்தார். ழான் கூடையைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்காகப் பிச்சையெடுக்கப் போனார். 1879-இல் அவர் இறந்தபோது, சபையை ஆரம்பித்ததே இவர்தான் என்பது இளம் சிஸ்டர்கள் பலருக்குத் தெரியாது. பெரிய அநியாயம். ஆனாலும் இல்லங்கள் நிற்கவில்லை. ஆரம்பித்தவரை ஓரங்கட்டியும் ஓடுகிற அமைப்பு அது. நம் அக்கா இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போனால் ஊசி நின்றுபோகிறது.

நான் போய்வருவது வேறொரு சபையின் இல்லம். அங்கே 'மதர்' சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார். பழைய மதர் போய்ப் புது மதர் வந்த வாரத்தில் போயிருந்தேன். மருந்து அலமாரி, ஒவ்வொருவர் பெயரும் ஒட்டிய டப்பா, ராத்திரி யார் முறை என்ற அட்டை, எதுவும் இடம் மாறவில்லை. ஒரே ஒரு மாற்றம்: ராச்சாப்பாடு 7 மணியிலிருந்து 6 மணிக்கு வந்துவிட்டது. எங்கள் சமையல்கார அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "விடியறதுக்குள்ள பசிச்சுக்குது" என்று என்னிடம் சொன்னார். மதரிடம் சொல்லலாமே என்றேன். "ஐயோ, சும்மா சோறு போடறாங்க சாமி, அவுங்களப் போய்க் கொறை சொல்லலாமா?" இந்த நிர்வாகத்தின் ஓட்டை இதுதான். கேட்டால் மதர் மாற்றியிருப்பார், அதில் சந்தேகமில்லை. நானே சொன்ன பிறகு ராத்திரி 9 மணிக்கு ஒரு டம்ளர் பால் வர ஆரம்பித்தது. ஆனால் சொல்ல வெளியாள் இல்லாதவர்கள் அங்கே எத்தனை பேர்!

மூன்றாவது, இப்போது அத்தை இருக்கிற இடம். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் பெருகிக்கொண்டிருக்கும் கம்பெனி வகை. அக்கா வீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டணம். மேனேஜர் ஓட்டல் நிர்வாகம் படித்தவர். வாட்ஸ்அப் குழு, கேமரா, புகார் எண், மாதாமாதம் கருத்துப் படிவம். நர்ஸ் 24 மணி நேரமும் உண்டு. இன்சுலின் தவறியதே இல்லை. போட்டவர் கையெழுத்து ரிஜிஸ்டரில் இருக்கும். ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது; இங்கே கையெழுத்துப் போட எனக்கு அரைநாள் ஆனது.

அப்புறம் என்ன குறை? ஆறு மாதத்தில் மூன்று மேனேஜர்கள். பணிப்பெண்கள் ஏஜென்சி ஆட்கள். முகம் பழகுவதற்குள் வேறொரு முகம். எந்தக் கால் மடங்காது, எந்தப் பக்கமாகப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று அத்தை ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து பாடம் எடுக்கிறார். ஒரு ராத்திரி 2 மணிக்குக் கட்டிலிலிருந்து நழுவிவிட்டார். நர்ஸ் மேனேஜரைக் கூப்பிட, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆம்புலன்சுக்குச் சம்மதம் கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லி, நாற்பது நிமிஷம் ஆயிற்று. அக்காவாக இருந்தால் அதற்குள் எக்ஸ்ரேவே எடுத்திருப்பார். (முதியோர் உதவி எண் 14567 இருக்கிறதே என்பீர்கள். நல்ல சேவைதான், காலை 8 முதல் இரவு 8 வரை.)

ஆக, அக்கா வீட்டில் அதிகாரமும் அன்பும் ஒரே ஆளிடம்; சிஸ்டர்களிடம் ஒழுங்கு இருக்கிறது, காது குறைவு; கம்பெனியில் காகிதம் இருக்கிறது, முடிவெடுக்க ஆள் இல்லை. பிறகு ஏன் கம்பெனியில் விட்டேன் என்றால், அங்கே மேனேஜருக்கும் ஏஜென்சிப் பெண்களுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். நைட் சூப்பர்வைசர், அன்னூர்க்கார அம்மா, ஐந்து வருஷமாக அதே ஷிப்ட். கட்டிலிலிருந்து நழுவிய ராத்திரி அவர் லீவு. அதனால்தான் அந்தக் கூத்து. மறுநாள் வந்தவர், ஒவ்வொருவருக்கும் 'ராத்திரியில் கேட்காமலே கூட்டிப்போகலாம்' என்று வீட்டாரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி ஒரு பைலில் வைத்துவிட்டார். மருந்து அலமாரியின் சாவி ஒன்று அவரிடம், ஒன்று நர்ஸ் மேஜையில், ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள். கம்பெனி விதியில் இது எதுவும் கிடையாது. அவராகச் செய்தது.

இப்போதெல்லாம் இல்லம் பார்க்கப் போகிறவர்களிடம் ஓனரையோ மேனேஜரையோ பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள் என்று சொல்கிறேன். ராத்திரி 9 மணிக்கு மேல் போய், அங்கே இருப்பதில் மூத்தவர் யார், எத்தனை வருஷமாக இருக்கிறார், மேலிடத்தில் இருப்பவர்கள் ஊரில் இல்லாதபோது அவர் தானாக எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லமுடியுமா என்று கேளுங்கள். அக்கா வீட்டில் இதற்கு வந்த பதில், "அக்காவக் கேட்டுட்டுச் சொல்றேங்க."

அன்னூர் அம்மா போன வாரம் என்னிடம் பேசினார். சம்பளம் ஏற்றித் தராவிட்டால் சித்திரையோடு நின்றுவிடப் போகிறாராம். உடனே மேனேஜருக்கு மெயில் போட்டேன். மேனேஜர் புதுசு. இன்னும் பதில் வரவில்லை.