இன்சுலின் வடிக்கும் இரு நுண்ணுயிர்கள்: ஈ.கோலையா, ஈஸ்ட்டா?

சர்க்கரை நோயாளிகள் ஊசி வழியாக எடுத்துக்கொள்ளும் மனித இன்சுலின் இன்று பெரும்பாலும் இருவகை நுண்ணுயிர்களில் உருவாகிறது. ஒன்று, நம் குடலில் இயல்பாகவே குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியா, மற்றொன்று, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட். எலி லில்லி நிறுவனம் முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. நோவோ நார்டிஸ்க் ஈஸ்ட்டை நம்பியது. பெங்களூருவின் பயோகான் பிக்கியா என்னும் வேறோர் ஈஸ்ட் இனத்துக்குச் சென்றது. எதில் தயாரித்தாலும் கிடைப்பது அதே 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம்தான் என்பதால் மருந்தை வாங்குபவருக்கு இதில் வேறுபாடு இல்லை. ஆனால் தயாரிப்பவருக்கு, எந்த உயிரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே ஆலையின் அமைப்பையும் சுத்திகரிப்பின் செலவையும் தீர்மானித்துவிடுகிறது.

ஈ.கோலையின் முதல் பலம் வேகம். தகுந்த ஊட்டமும் 37 டிகிரி வெப்பமும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும்; ஈஸ்ட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டாவது பலம், அதைப் பற்றி நமக்கு இருக்கும் அறிவு. 1885-இல் தியோடர் எஷெரிக் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தறிந்த இந்தப் பாக்டீரியாவின் கே-12 என்னும் வகை 1922 முதல் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகிறது. சுமார் 46 லட்சம் எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொகுதி 1997-இல் முழுமையாக வெளியானது. இவ்வளவு காலம் ஆய்வகத்தில் பழகிய உயிர் என்பதால், 1978-இல் மனித இன்சுலின் மரபணுவை ஓர் உயிருக்குள் செலுத்த முனைந்தவர்கள் ஈ.கோலையை நாடியதில் வியப்பில்லை. பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்தையே நம்பியிருந்த நிலை, 1982-இல் அமெரிக்காவில் ஈ.கோலையில் உருவான ஹியூமுலின் என்னும் இன்சுலின் அனுமதி பெற்றதிலிருந்து மாறத் தொடங்கியது.

சிறுநீர்ப் பாதைத் தொற்றின் முதன்மைக் காரணியும் இதே இனம்தானே என்று கேட்கலாம். 2011-இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தின் வழியே பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததும் ஈ.கோலைதான், ஆனால் அது ஷிகா நச்சைச் சுரக்கும் ஓ104 வகை. கே-12 வகையோ ஆய்வகத்திலேயே நெடுங்காலம் வளர்ந்ததால் மனிதக் குடலில் நிலைத்து வாழும் திறனைக்கூடப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஒரே பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பொருத்தமில்லை.

ஈ.கோலையின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்ய கந்தக அணுக்களை இணைக்கும் மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் உரிய இடங்களில் அமைய வேண்டும்; ஈ.கோலையின் உட்புறச் சூழல் அதற்கு உகந்ததன்று. அவசர அவசரமாக உற்பத்தியாகும் புரதம் உரிய வடிவத்தில் மடியாமல் கட்டி கட்டியாகத் திரண்டு செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. செல்லை உடைத்து, கட்டிகளைப் பிரித்தெடுத்து, யூரியா போன்ற வேதிப்பொருளில் கரைத்து, பிறகு நீர்த்த கரைசலில் மெதுவாக மீண்டும் மடியச் செய்ய வேண்டும். அதற்கு மிகப் பெரிய தொட்டிகள் தேவை. மடிப்பதில் தவறியவை வீணாகும். பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் காய்ச்சலை உண்டாக்கக்கூடியது என்பதால் அதையும் முற்றாக அகற்ற வேண்டும்.

ஈஸ்ட்டில் இந்தத் தொல்லைகள் குறைவு. ஒற்றைச் சங்கிலியாக அமைந்த இன்சுலின் முன்னோடியைச் சரியாக மடித்துப் பிணைத்து, வளர்ப்பு ஊடகத்திலேயே அது சுரந்துவிடுகிறது. செல்லை உடைக்கவே வேண்டியதில்லை. எண்டோடாக்சினும் அதில் இல்லை. ஆனாலும் ‘ஈஸ்ட் மலிவு, பாக்டீரியா பழசு’ என்று சொல்லிவிட முடியாது. ஈ.கோலையின் வேகமும் விளைச்சலும், மீண்டும் மடிக்கும் பணியின் செலவைப் பெரிதும் ஈடுகட்டிவிடுகின்றன. இன்சுலினைப் பொறுத்தவரை இது ஏறக்குறைய சமமான போட்டி என்பதே என் மதிப்பீடு; நிறுவனங்கள் தாங்கள் தொடங்கிய வழியிலேயே தொடர்வதும் அதனால்தான்.

இன்சுலினைத் தாண்டினால் சமநிலை குலைகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கான மேற்பரப்புப் புரதம் நுண்துகள்களாகத் திரண்டால்தான் நல்ல எதிர்ப்பாற்றல் கிடைக்கும், ஈ.கோலையில் அது கைகூடவில்லை, ஈஸ்ட்டில் கைகூடியது. அந்தத் தடுப்பூசிக்கு 1986-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மனித உடலுக்கேற்ற சர்க்கரைத் தொடர்கள் புரதத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்றால் இரண்டுமே தோற்றுவிடும்: ஈ.கோலை அவற்றை இணைப்பதே இல்லை, ஈஸ்ட்டோ மேனோஸ் சர்க்கரையை அளவுக்கு மீறி அடுக்கிவிடுகிறது. அப்போது சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களே கைகொடுக்கின்றன. அவை மெதுவாக வளர்பவை, செலவும் அதிகம்.

கண் மருத்துவத்தில் பயன்படும் இரண்டு மருந்துகள் இதைத் தெளிவாகக் காட்டும். விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்வதைத் தடுக்கும் ரனிபிசுமாப், எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) ஒரு துண்டு மட்டுமே. அதற்குச் சர்க்கரைத் தொடர் தேவையில்லை, ஆகவே ஈ.கோலையிலேயே தயாராகிறது. அதே இலக்கைத் தாக்கும் பெவசிசுமாப் முழு எதிர்ப்புரதம். அது வெள்ளெலிச் செல்களில் உருவாகிறது. எனவே புதிய புரத மருந்துக்கு உற்பத்தி உயிரைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது, அதற்குச் சர்க்கரை இணைப்பு அவசியமா என்பதைத்தான். அவசியமில்லை, புரதமும் சிறியது என்றால் ஈ.கோலையில் தொடங்கிப் பார்ப்பதே நான் சொல்லும் வழி. புரதம் திரும்பத் திரும்பக் கட்டியாகி மீண்டும் மடிய மறுத்தால் ஈஸ்ட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.