ஊரில் இறங்கியதும் ஓடிபி வரவில்லை

விமானம் விட்டு இறங்கி, வெளிநாட்டுச் சிம்மைக் கழற்றி, உள்ளூர்ச் சிம்மைப் போட்டதும் பலருக்கு முதலில் நின்றுபோவது வங்கிச் செயலி. ஓடிபி வரவேண்டிய சிம் பர்ஸுக்குள் கிடக்கிறது. ஊர்ப் பயணத்தில் கணக்குகள் பூட்டிக்கொள்ள பெரும்பாலும் ஹேக்கர்கள் காரணமில்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சிம்மைச் சாவியாக வைத்திருப்பதுதான் காரணம்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அந்தச் சாவிகளைச் சிம்மிலிருந்து பிரித்துவிட வேண்டும். மின்னஞ்சலில் தொடங்குங்கள், அது கையில் இருந்தால் மற்றக் கணக்குகளில் பெரும்பாலானவற்றின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், அது போனால் அவையும் போகும். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக, நுழைவு எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி வையுங்கள். ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் ஏஜிஸ் போதும். ஐபோனிலும் வேண்டும் என்றால் என்டே ஆத். இரண்டும் இலவசம், ஓபன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம். கணக்கின் பாதுகாப்பு அமைப்பில் தளம் காட்டும் கியூஆர் கோடை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டால், அதிலிருக்கும் ரகசியச் சாவியையும் கடிகார நேரத்தையும் வைத்து 30 வினாடிக்கு ஒருமுறை 6 இலக்க எண்ணைச் செயலி தானே கணக்கிடும். சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

இதில் ஊர்ப் பயணிகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இறங்கியவுடன் நெட் இல்லாததால் சிலர் போனின் நேரத்தைக் கையால் மாற்றுகிறார்கள், ஆனால் நேர மண்டலத்தை மாற்றுவதில்லை. திரையில் உள்ளூர் நேரம் சரியாகத் தெரியும். ஆனால் செயலி கணக்கில் எடுப்பது உலகப் பொது நேரத்தை. அது பல மணி நேரம் பிசகிவிட்டது. எண் வந்துகொண்டே இருக்கும், தளமோ தவறு என்று ஒவ்வொரு முறையும் தள்ளிவிடும். நேரத்தைத் தானியங்கியில் விட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எஸ்எம்எஸ் ஓடிபி தவிர வேறெதையும் ஏற்காத வங்கிகள் இன்னும் நிறைய உள்ளன. அவற்றுக்காக வெளிநாட்டு எண்ணை ஈசிம்மாக்கி (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்), உள்ளூர்ச் சிம்மை அதன் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டு எண்ணில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், எண்ணை மட்டும் அணைக்காதீர்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறக் கட்டணம் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். ஈசிம்முக்கு மாறுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். மாற்றம் பாதியில் நின்றால் சரிசெய்ய நிறுவனத்தின் கடைக்கே போக வேண்டிவரலாம்.

சிம்முக்கும் ஒரு பின் எண் போடுங்கள். போன் திருடுபோனால் திரைப்பூட்டை உடைக்கக்கூடத் தேவையில்லை. சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே போய் விழும். பின் எண் போட்டால் இந்த வழி அடைபடும். மூன்று முறை தவறாக அடித்தால் பக் எண் (PUK, பூட்டிய சிம்மைத் திறக்கச் சிம் நிறுவனம் தரும் எண்) கேட்கும், அதையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் செத்துவிடும். எனவே பக் எண் எழுதிய அட்டையைப் போனோடு வைக்காமல் வேறு பையில் வையுங்கள்.

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கப் பிட்வார்டன் செயலி நல்லது. ஆனால் புதுக் கருவியில் நுழையும்போது, இரண்டாம் அடுக்குப் பூட்டு போடாதவர்களிடம் அது மின்னஞ்சலுக்கு ஒரு எண் அனுப்பிச் சரிபார்க்கும். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லே பிட்வார்டனுக்குள் இருந்தால்? போன் தொலைந்த அன்று, பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். மின்னஞ்சல் கடவுச்சொல், பிட்வார்டன் முதன்மைக் கடவுச்சொல், போன் கையில் இல்லாதபோது நுழையக் கூகுள் தரும் 10 மாற்று எண்கள், இந்த மூன்றும் காகிதத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்று எண்ணும் ஒருமுறைதான் செல்லும். புதிய பட்டியல் எடுத்தால் பழையது செல்லாது.

வாட்ஸ்அப்புக்குச் சிம் மாறினாலும் கவலையில்லை, பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் 6 இலக்கப் பின்னைக் கட்டாயம் போடுங்கள். வாட்ஸ்அப் அனுப்பும் பதிவுக் குறியீட்டை யாராவது உங்களிடமிருந்து பேசி வாங்கிவிட்டாலும் அந்தப் பின் இல்லாமல் உடனே உள்ளே வர முடியாது.

ஊரில் ஆவணங்கள் எளிதாகக் கசியும் இடம் நகல் எடுக்கும் கடை. பாஸ்போர்ட்டையோ பத்திரத்தையோ கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்வார்கள். அவருடைய கணினியில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் நேற்று வந்தவரின் பாஸ்போர்ட், முந்தாநாள் வந்தவரின் பத்திரம், யாரோ ஒருவரின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் வரிசையாகத் தெரியும். யாரும் திருடவில்லை, யாரும் அழிக்கவுமில்லை, அவ்வளவுதான். அந்த ஒரே கோப்பு மட்டும் உள்ள பென் டிரைவைக் கொண்டுபோய் அதிலிருந்தே அச்சிடச் சொல்லுங்கள். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் படத்தின் குறுக்கே எழுதிவிட்டால், கசிந்தாலும் வேறு இடத்தில் செல்லுபடியாவது கடினம். வீடு திரும்பியதும் பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். கடைக் கணினியின் வைரஸ் அதில் ஏறியிருக்கலாம். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதிக்குப் போய் அங்கேயே துண்டித்துவிடுங்கள். கணினித் திரையை மூடுவது வெளியேறுவது ஆகாது.

பொது வைஃபை முன்பு போல் அவ்வளவு அபாயமில்லை, இப்போது பெரும்பாலான தளங்கள் தகவலைக் குறியாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் இயங்குகின்றன. உங்கள் நெட் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டால் வைஃபைக்காரர் பார்ப்பதை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும்; இலவச விபிஎன்னை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் திறக்காவிட்டால் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் வசதியை (தளங்களின் முகவரித் தேடலைக் குறியாக்கி அனுப்புவது) சற்று அணைத்து, நுழைந்தபின் மறுபடி போடுங்கள்.

திரை உடைந்து பழுதுக்குக் கொடுக்கும்போது போனின் பின் எண்ணைச் சொல்லவே கூடாது. புதிய சாம்சங் போன்களில் பராமரிப்பு முறையும், கூகுளின் பிக்சலில் பழுதுபார்ப்பு முறையும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் படம், செய்தி, கணக்கு எதுவும் தெரியாத வெறும் போனாக அவர் கையில் இருக்கும். தொடுதிரை, கேமரா, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அவர் சோதிக்கலாம். வெளியே வர உங்கள் திரைப்பூட்டு வேண்டும். திரை முழுக்க இறந்துவிட்டால் இந்த முறையைப் போடவே வழியிருக்காது, ஆகவே கீறல் விழுந்த அன்றே கொடுப்பது நல்லது.

திரும்புமுன் உள்ளூர் எண்ணைக் கொடுத்த கணக்குகளை எல்லாம் தேடி எடுங்கள். ரீசார்ஜ் நின்றபின் அந்த எண் வேறொருவருக்குப் போகும், அதற்கு வரும் ஓடிபியும் அவருக்கே போகும்.