சொந்த டொமைன் மெயில் தங்கம். வெப்சைட் என்கொயரி ஃபாரம்தான் தலைவலி

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் கேட்டார்: "வெப்சைட்டுக்குச் சொந்த மெயில் வேணுமுங்களா, ஜிமெயிலே போதாதுங்களா?" ஹோஸ்டிங் புதுப்பிக்கும் பில்லும் இப்போதுதான் வந்திருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சொந்த டொமைன் மெயிலை, அதாவது கம்பெனி வெப்சைட் பெயரிலேயே முடியும் முகவரியை, வாங்குங்க, தயங்க வேண்டாம். பெரிய லாபம், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகும்போது தெரியும். அவர் பையரோடு (சரக்கு வாங்குபவரோடு) பேசிய மெயில் முழுக்க கம்பெனியிடமே இருக்கும். முகவரியை அடுத்தவருக்குத் திருப்பிவிட்டால் ஆர்டர் நிற்காமல் ஓடும். ஆளாளுக்குத் தங்கள் ஜிமெயிலில் பேசும் இடத்தில் ஆள் போனால் பையரும் போய்விடுகிறார்.

என் கோபமெல்லாம் என்கொயரி ஃபாரம் மேல்தான். மெயிலை கூகுள் ஒர்க்ஸ்பேஸுக்கு (கூகுளின் கம்பெனி மெயில் சேவை) மாற்றி, டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டையும் மாற்றியாயிற்று. வெளியிலிருந்து வரும் மெயில் ஒழுங்காக வருகிறது. ஃபாரத்தில் நிரப்பியது மட்டும் வராது. நிரப்பியவருக்கோ "நன்றி, செய்தி அனுப்பப்பட்டது" என்று திரையில் காட்டிவிடுகிறது. அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

காரணம், ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'இமெயில் ரவுட்டிங்' என்ற இடத்தில் இருக்கிறது. அது 'லோக்கல்' என்றே இருந்தால் சர்வர் எம்எக்ஸைக் கவனிக்காது. இந்த டொமைனின் பெட்டி தன்னிடமே இருப்பதாக எடுத்துக்கொண்டு, யாரும் திறக்காத பழைய பெட்டியில் மெயிலைப் போட்டுவிடும். 'ரிமோட்' என்று மாற்றினால் அடுத்த என்கொயரி சரியான இடத்துக்கு வரும். கையோடு ஹோஸ்டிங்கின் வெப்மெயிலைத் திறந்து பழைய பெட்டியையும் பாருங்க, தேங்கிய என்கொயரிகள் அங்கே கிடக்கும். சப்போர்ட்டில் கேட்டால் "மெயில் டெலிவர் ஆகிவிட்டது" என்ற ஒரே பதில்தான். எந்தப் பெட்டியில் டெலிவர் ஆனது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லக்கூடாதா? மெயில் மாற்றும் ஒவ்வொருவரும் தடுக்கி விழும் இடம் இது.

அடுத்தது ஃபாரம் அனுப்பும் மெயிலின் 'ஃப்ரம்', அதாவது அனுப்புநர் முகவரி. பதில் எழுத வசதி என்று பலர் அதில் நிரப்பியவரின் முகவரியையே போட்டுவிடுகிறார்கள். தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்லும் டிமார்க் கொள்கையை யாஹூ 2014 ஏப்ரலிலேயே 'ரிஜெக்ட்' (நிராகரி) ஆக்கிவிட்டது. யாஹூ பெயரில் நம் சர்வர் அனுப்பும் மெயில் திருட்டு மெயிலாகத்தான் பார்க்கப்படும். 'ஃப்ரம்'மில் நம் டொமைன் முகவரி, 'ரிப்ளை டு'வில் அவர் முகவரி என்று வையுங்க. பல சைட்டுகள் ஒரே சர்வரில் இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் பக்கத்து சைட் ஸ்பாம் அனுப்பினாலும் அதே ஐபி முகவரியில் இருக்கும் நம் பெயர் கெடும். அதனால் ஃபாரத்தின் மெயிலை கூகுளின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) வழியாக, 587 போர்ட்டில், கூகுள் கணக்கின் ஆப் பாஸ்வேர்டு (இதுபோன்ற புரோகிராம்களுக்கென்று கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்டு) கொடுத்து அனுப்புவது நல்லது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தால்தான் அந்தப் பாஸ்வேர்டு கிடைக்கும்.

எந்த சர்வர்கள் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். பழையது இருக்க இன்னொன்று சேர்த்தால் இரண்டுமே செல்லாது. மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து வைக்கும் டிகிம்மையும், நம் டொமைனுக்கு ஒரு டிமார்க் ரெக்கார்டையும் போட்டுவிட்டு, ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' இருக்க வேண்டும்.

ஃபாரத்தில் பெயர், மெயில் போக நான்கே கேள்வி போதும்: என்ன துணி, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), கலருக்கு எத்தனை பீஸ், எந்தத் தேதிக்குள். பதிலில் குறைந்தபட்ச ஆர்டர், சாம்பிளுக்கு எத்தனை நாள், தூத்துக்குடி எஃப்ஓபி விலை (அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) எல்லாம் மெயிலிலேயே எழுதியிருக்கட்டும். கேட்லாக்கை இணைக்காமல் லிங்க் கொடுங்க. மெயிலில் ஏறும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், 15 எம்பி 20 எம்பி ஆகும், சில பையர் சர்வர்கள் திருப்பிவிடும். ஜெர்மனிக்கு என்றால் குளிர்காலத்தில் நம் மதியம் 1.30க்கு அனுப்புங்க, அங்கே காலை 9 மணி. கோடையில் 12.30.

இப்படிச் செட் செய்துவிட்டால் ஃபாரம் குறையில்லாமல் ஓடுகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் இந்த ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்கப் போவதில்லை; முதல் வருட விலையைக் காட்டி இழுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பவர்கள் அந்த ஒரு வரி பதிலையாவது தந்திருக்கலாம். டொமைன் ஓரிடம், மெயில் ஓரிடம், சைட் ஓரிடம் என்று பிரித்து வையுங்க. புது ஹோஸ்டிங்குக்குப் போன அன்றே ரவுட்டிங்கைப் பார்த்துவிட்டு, ஃபாரத்தை நீங்களே ஒருமுறை நிரப்பிச் சோதியுங்க.