கீழ் ரிசீவருக்கான கிரப் ஸ்குரூ கிட்: வாங்கி ஏமாந்த அனுபவமும் ஓர் எச்சரிக்கையும்

ஏஆர்-15 வகை ரைஃபிளின் கீழ் ரிசீவரில் (விசையும் பிடியும் பொருந்தும் கீழ்ச் சட்டம்), அதை மேல் ரிசீவரோடு பின்புறத்தில் இணைக்கும் டேக்டவுன் பின்னை நிறுத்திவைக்கும் சிறு ஸ்பிரிங்கையும் டிடெண்டையும் (பின்னின் பள்ளத்தில் அழுந்தி நிற்கும் குட்டி ஊசி) ஒரு கிரப் ஸ்குரூவால் (தலையில்லாத சிறு திருகு) அடைத்துக்கொள்ளும் மாற்றத்தைப் பலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். அதற்கென்று மரை வெட்டும் டேப், ஸ்குரூ, ஸ்பிரிங், ஆலன் கீ எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகப் போட்டு விற்கும் கிட் ஒன்றை வாங்கி நான் ஏமாந்தேன். அந்தக் கிட்டில் மரை வெட்டும் டேப் ஓர் அளவு, அந்த மரையில் ஏற வேண்டிய ஸ்குரூ வேறோர் அளவு. இதை நான் கண்டுபிடித்தபோது ரிசீவரில் மரை சிதைந்துவிட்டிருந்தது; அதற்கு முன்பே, சுடுதளத்தில் என் கையில் இருந்த ரைஃபிளின் டேக்டவுன் பின் பாதி வெளியே வந்துவிட்டிருந்தது. அதே பொட்டலத்தில் இருந்த இன்னொரு ஸ்பிரிங், பாதுகாப்பு செலக்டரையே (பாதுகாப்பு நிலைக்கும் சுடும் நிலைக்கும் மாற்றும் நெம்பு) நம்ப முடியாததாக ஆக்கியது. இவற்றுள் எதுவும் தற்செயலாக என் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே விவரமாக எழுதுகிறேன்.

இந்த மாற்றம் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1950களில் யூஜின் ஸ்டோனரும் ஆர்மலைட் நிறுவனத்தாரும் உருவாக்கிய இந்த அமைப்பில், கீழ் ரிசீவரின் சிறு பாகங்களுக்குப் பெரும்பாலும் தனியான பூட்டு எதுவும் கிடையாது; ஒரு பாகத்தை அடுத்த பாகம் பிடித்துக்கொள்கிறது. செலக்டரின் ஸ்பிரிங்கைப் பிஸ்டல் கிரிப் பிடிக்கிறது, பஃபர் ரிடெய்னரைப் (பஃபரைத் தடுத்து நிறுத்தும் சிறு முளை) பஃபர் குழாயின் (தோள்கட்டைக்குள் செல்லும் பின்குழாய்) உதடு பிடிக்கிறது, டேக்டவுன் பின்னின் டிடெண்டையும் ஸ்பிரிங்கையும் ரிசீவரின் பின்முகத்தில் வந்து அமரும் எண்ட் பிளேட் என்ற தட்டு பிடிக்கிறது. மிகவும் அழகான ஏற்பாடு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தட்டை இறுக்கிவைக்கும் காசில் நட்டைத் தளர்த்தி எண்ட் பிளேட்டை ஒரு நூலிழை நகர்த்தினாலும் அந்த ஸ்பிரிங் வெளியே பாய்ந்து விடும். மறுபடி பூட்டும்போது அதைக் கட்டைவிரலால் அமுக்கியபடியே பிளேட்டை நேராகக் கொண்டுவர வேண்டும், சற்றுச் சாய்ந்தாலும் ஸ்பிரிங் மடிந்து வளைந்துவிடும். பஃபர் குழாயை அடிக்கடி கழற்றுபவர்கள் இதனால் சலித்துப்போய், அந்தத் துளையின் வாயில் நான்கு-நாற்பது (4-40: அங்குலத்துக்கு நாற்பது மரை உள்ள ஒரு சிறு திருகு அளவு) மரை வெட்டி, ஸ்பிரிங்கைச் சற்றுக் குறைத்து, குட்டிக் கிரப் ஸ்குரூ ஒன்றால் அடைத்துவிடுகிறார்கள். துளை ஏற்கெனவே ஏறத்தாழ அந்த மரைக்கு ஏற்ற அளவில் இருப்பதால் டிரில் போட வேண்டியதில்லை. சரியாகச் செய்தால் இது நல்ல மாற்றம்தான். என் குறை மாற்றத்தின் மீது அல்ல, விற்றவர்மீதுதான்.

கிட் வந்த அன்று எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். டேப்பின் தண்டில் நான்கு-நாற்பது என்று தெளிவாகப் பொறித்திருந்தது. ஸ்குரூக்கள் கறுப்பு நிறத்தில், அரிசியைவிடச் சிறியனவாக இருந்தன. உடன் வந்த ஆலன் கீ அவற்றில் ஆட்டமில்லாமல் பொருந்தியது. அந்தப் பொருத்தம்தான் என்னை ஏமாற்றியது. ஸ்குரூவும் கீயும் ஒத்துப்போனதால், ஸ்குரூவும் டேப்பும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிட்டேன்.

மரை வெட்டும் வேலையை அவசரமின்றிச் செய்தேன். ரிசீவரை மென்மையான தாடைகள் உள்ள வைஸில் பின்முகம் மேலே பார்க்கும்படி நிறுத்தி, வெட்டு எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னால், அரைக்கால் சுற்றுப் பின்னால் என்று டேப்பைத் திருப்பினேன். ரிசீவர் 7075 ரக அலுமினியம். அதன் மேல் இருக்கும் அனோடைஸ் படலம் சுமார் 0.05 மில்லிமீட்டர் தடிமன்தான் என்றாலும், அது அலுமினிய ஆக்சைடு என்பதால் முதல் சுற்றில் கண்ணாடியைச் சுரண்டுவது போன்ற ஒரு கரகரப்பு விரலுக்குத் தெரியும். அதைத் தாண்டினால் உலோகம் வெண்ணெய் போல வெட்டுப்படும், ஆனால் சீவல் பற்களில் ஒட்டிக்கொள்ளும். ஸ்குரூவின் நீளத்துக்கு மேல் மரை போகக்கூடாது என்பதற்காக டேப்பின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டேன். ஆழமாக வெட்டிவிட்டால் டிடெண்ட் நகர வேண்டிய வழுவழுப்பான பாதையில் மரை விழுந்து, டிடெண்ட் அதில் தட்டுத்தட்டாகச் சிக்கும். இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

ஸ்குரூவை ஏற்றினேன். முதல் சுற்று தாராளமாக இறங்கியது. இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. கிட்டோடு வந்த தாளில், ‘முதலில் இறுக்கமாக இருக்கும், அது இயல்பே, தொடர்ந்து திருப்புங்கள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். நான் நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அது. தாளை நம்பித் திருப்பினேன். துளையின் வாயில் மயிரிழை போன்ற வெள்ளிச் சுருள் ஒன்று எழுந்து நின்றது. அதைப் பிசிறு என்று எண்ணி ஊதிவிட்டேன். உண்மையில் அது நான் வெட்டிய மரையின் முகடு, ஸ்குரூவால் உரிக்கப்பட்டு வெளியே வந்தது. ஸ்குரூ முகத்துக்குச் சற்றுக் கீழே போய் நின்றது, இறுக்கமாகவும் இருந்தது. எண்ட் பிளேட்டைப் பூட்டி, பின்னை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன். ‘டிக்’ என்று நின்றது. வேலை முடிந்தது என்று நம்பினேன்.

அடுத்த முறை சுடுதளத்துக்குச் சென்றபோது இரண்டாவது மேகசின் முடியும் தறுவாயில், மேல் ரிசீவரின் பின்பகுதி கன்னத்துக்கு அருகில் அசைவதை உணர்ந்தேன். சுடுவதை நிறுத்தி, மேகசினை எடுத்து, சேம்பரைக் காலி செய்துவிட்டுப் பார்த்தால் டேக்டவுன் பின் வலப்பக்கமாகப் பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் சில குண்டுகள் சுட்டிருந்தால் மேல் ரிசீவர் பின்புறம் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியர் பஃபர் குழாய்க்குள் நேராக ஓட முடியாமல் போயிருக்கும். அருகில் நின்றிருந்தவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை.

வீட்டில் பிரித்தபோது காரணம் தெரிந்தது. உரிந்த மரையில் பிடிமானம் இல்லாத ஸ்குரூ அதிர்ச்சியில் பின்வாங்கி எண்ட் பிளேட்டில் முட்டி நின்றிருந்தது. முழு நீள ஸ்பிரிங்காக இருந்திருந்தால் அப்போதும் டிடெண்டைத் தள்ளியிருக்கும். ஆனால் கிட்டில் வந்த ஸ்பிரிங் முன்கூட்டியே வெட்டப்பட்டது, அதுவும் தேவைக்கு மேல் குட்டையாக. ஸ்பிரிங்கை வெட்டினால் அது தளர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சுருள்கள் குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்கும் அதன் விறைப்பு கூடும். குறைவது முன்னழுத்தம். ஆகவே ஸ்குரூ சரியான இடத்தில் இருக்கும்வரை குட்டை ஸ்பிரிங் பலமாகவே தோன்றும். ஸ்குரூ ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினால் அழுத்தம் முற்றாக மறைந்துவிடும். மேசைமேல் செய்த சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது இதனால்தான்.

வெர்னியரை எடுத்து ஸ்குரூவை அளந்தேன். வெளிவிட்டம் 2.95 மில்லிமீட்டர். நான்கு-நாற்பது ஸ்குரூ 0.112 அங்குலம், அதாவது 2.85 மில்லிமீட்டருக்கு மேல் போகவே கூடாது. மரை இடைவெளி, நாற்பது மரைக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், 0.635 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; பிட்ச் கேஜை வைத்தால் 0.5 என்ற பற்கள் ஒளி தெரியாமல் கவ்விக்கொண்டன. கிட்டில் வந்த மூன்று ஸ்குரூக்களும் எம்3, அதாவது மூன்று மில்லிமீட்டர் மெட்ரிக் அளவு. கீயை அளந்தால் 1.5 மில்லிமீட்டர், எம்3 கிரப் ஸ்குரூவுக்கு உரியது. நான்கு-நாற்பதுக்கு வேண்டியது 0.050 அங்குலக் கீ, 1.27 மில்லிமீட்டர். கண்ணால் மட்டும் பார்த்து இந்த இரண்டு வகை ஸ்குரூக்களையும் எளிதில் பிரித்தறிய முடியாது. மலிவாகக் கிடைத்ததை அள்ளிப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

படங்களோடும் அளவுகளோடும் விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில், நான் அளவுக்கு மீறி இறுக்கியதால் மரை போயிற்று என்றது. ஸ்குரூவே வேறு அளவு என்று மீண்டும் எழுதியபோது, கிட் ‘எல்லா வகை ரிசீவருக்கும் பொதுவானது’ என்றும், பொட்டலம் பிரித்துவிட்டதால் பணம் திரும்பாது என்றும் பதில் வந்தது. பயன்படுத்தாமல் இருந்த மற்ற இரண்டு ஸ்குரூக்களையும் அளந்த படத்தை அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. பணம் எனக்குப் பெரிதல்ல. வரிசை எண் பொறித்த பாகம் அந்த ரிசீவர். அமெரிக்கச் சட்டப்படி இந்த வகை ரைஃபிளில் ‘துப்பாக்கி’ என்று பதிவாவது அந்த ஒரு பாகம்தான். மற்ற எந்தப் பாகம் கெட்டாலும் ஒரு கடிதத்தில் வேறொன்றை வரவழைக்கலாம், இதை அப்படி மாற்றிவிட முடியாது. அதைத் தொடும் ஒரு பொருளை விற்பவர் இவ்வளவு அலட்சியமாக இருப்பதுதான் என்னை ஆத்திரப்படுத்துகிறது.

செலக்டரின் கதை இதைவிட மோசமானது. கிட்டில் ‘மிருதுவான செலக்டர் ஸ்பிரிங்’ என்று ஒன்றும் இருந்தது. இலவசமாகக் கிடைத்ததே என்று அதையும் போட்டிருந்தேன். பின்னின் விவகாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்து, காலியான ரைஃபிளில் செலக்டரைச் சோதித்தேன். பாதுகாப்பு நிலையிலிருந்து சுடும் நிலைக்கு அது போகும் கால் வட்டத்தில், எங்கு விட்டாலும் அங்கேயே நின்றது. பள்ளத்தில் விழும் ஓசை ஏறத்தாழ இல்லை. சட்டைக் கையை அதன்மேல் உரசினேன். பாதுகாப்பு நிலையிலிருந்து நழுவியது. பழைய ஸ்பிரிங்கை அருகில் வைத்துப் பார்த்தபோது புதியது மூன்று சுருள் குறைவாகவும் கம்பி மெலிதாகவும் இருந்தது. நல்ல வேளையாகப் பழையதை ஒரு சிறு பையில் போட்டு வைத்திருந்தேன், அன்றே மாற்றினேன். பாதுகாப்பு நிலையைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கை மிருதுவாக்குவது என்பது யாருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் தேவையில்லாதது. அப்படி ஒன்றை எவர் விற்றாலும் வாங்காதீர்கள்.

ரிசீவரை அனுபவமுள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எம்3 டேப்பை ஓட்டி அதே ஸ்குரூவைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். ஏற்கெனவே ஓர் இடைவெளியில் வெட்டிய மரைமேல் இன்னோர் இடைவெளியில் வெட்டினால் மிஞ்சுவது துண்டு துண்டான முகடுகள்தான், அதிர்ச்சியைத் தாங்காது என்று மறுத்துவிட்டார். துளையின் சுவர் மெல்லியது என்பதால் பெரிய அளவுக்குப் போகவும் அவர் ஒப்பவில்லை. கிழிந்த முகடுகளைப் பொறுமையாகச் சுத்தம் செய்து, முழு நீளப் புது ஸ்பிரிங்கும் புது டிடெண்டும் போட்டு, எண்ட் பிளேட்டே பிடிக்கும் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். இப்போது சரியாக இயங்குகிறது. அந்தத் துளையில் இனிமேல் எந்த ஸ்குரூவும் நிற்காது.

இந்த மாற்றத்தைச் செய்தே தீர வேண்டும் என்பவர்கள் கிட்டை விட்டுவிட்டு, டேப்பையும் ஸ்குரூவையும் கருவிக் கடையில் அளவு சொல்லித் தனித்தனியாக வாங்குங்கள். ரிசீவரைத் தொடுவதற்கு முன் ஓர் அலுமினியத் துண்டில் துளையிட்டு, மரை வெட்டி, அதே ஸ்குரூவை ஏற்றிப் பாருங்கள். விரல் பலத்திலேயே கடைசிவரை இறங்க வேண்டும். மூல ஸ்பிரிங்கை வெட்டாமல் எடுத்து வையுங்கள், வெட்டுவதற்கு வேறொன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மரையில் பசை போடுவதானால் சிறு ஸ்குரூக்களுக்கான ஊதா நிறப் பசை ஒரு துளியின் பாதி போதும். சிவப்பைப் போட்டால் சுமார் 260 டிகிரி செல்சியஸ் சூடு இல்லாமல் கழலாது; எந்தப் பசையானாலும் கூடுதலாகிவிட்டால் உள்ளே ஒழுகி டிடெண்டையே ஒட்டிவிடும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட கிட்டைப் போட்டிருப்பவர்கள் அடுத்த முறை சுடுவதற்கு முன், ரைஃபிள் காலி என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, டேக்டவுன் பின்னின் இடப்பக்க முனையை விரலால் வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். லேசாகத் தள்ளியதும் நகர்ந்தால் சுடாதீர்கள். உங்கள் கிட்டில் வந்த ஆலன் கீயை அளந்து பாருங்கள். டேப்பில் நான்கு-நாற்பது என்றிருந்தும் கீ 1.5 மில்லிமீட்டராக இருந்தால் உங்களிடம் இருப்பதும் எம்3 ஸ்குரூதான். பிரிக்கும்போது காசில் நட்டை ‘பன்ச்’ என்ற குத்துளியால் அடித்துப் பூட்டியிருக்கிறார்களா என்று பார்த்துத் தளர்த்துங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், எண்ட் பிளேட் விலகும் பக்கத்தில் ஒரு விரலை வைத்திருங்கள். மரை போன ஸ்குரூவும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வெளியே வரும்.