மூன்று பனிக்காலம், ஒரு கேமரா ட்ராப்

போன வாரம்தான் கேமரா ட்ராப்பை (பிராணிகள் குறுக்கே போனால் தானாகவே படமெடுக்கும் பெட்டி) மரத்திலிருந்து அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது பனிக்காலமும் முடிந்தது. பட்டையின் பக்கிள் உடைந்துவிட்டது, பின்மூடி ரப்பரில் பாசி, லென்ஸுக்குக் கீழே ஏதோ ஒன்று நக்கிப் பார்த்த தடம். (கார்டில் அந்த மூக்கு மட்டும் மங்கலாகப் பதிவாகியிருக்கிறது.) வாங்கி ஒரே வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களைப் படித்துத்தான் நானும் இதை வாங்கினேன். ஒரு வாரத்தில் தெரியாத சங்கதிகள் நிறைய இருக்கின்றன.

நல்ல படம் எடுக்கலாம் என்ற ஆசையில் இதை வாங்காதீர்கள். பெட்டியில் போட்டிருந்த மெகாபிக்சல் கணக்கு வெறும் ஜோடனை. உள்ளே இருக்கும் சென்சார் சிறியது. அது எடுத்ததை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்குகிறது. இரண்டாம் வாரமே மிகக் குறைந்த அளவுக்கு மாற்றிவிட்டேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, கார்டில் இடம்தான் மிச்சம். இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளை. ஓடும் முயல் ஒரு வெள்ளைக் கோடு. சுவரில் மாட்டும்படி மூன்று வருடத்தில் ஒரு படம்கூடத் தேறவில்லை.

அப்புறம் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்றால், ஒவ்வொரு படத்தின் அடியிலும் தேதி, நேரம், வெப்பநிலை என்று ஒரு வரி வரும். எனக்கு அந்த வரி போதும்.

முதல் வருடம் நரி முகத்தில் விழிக்க வேண்டும் என்று பதினோரு விடியற்காலைகள் ஓடைக்கரையில் உட்கார்ந்தேன். 600 மி.மீ. லென்ஸ், மடக்கு ஸ்டூல், இரண்டு கம்பளி. ஒரு வால்நுனிகூடத் தென்படவில்லை. வெறுத்துப்போய்க் கேமராவை அங்கே கட்டிவிட்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கார்டைப் போட்டுப் பார்த்தால், 21 நாளில் 14 நாள் செந்நரி வந்திருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நாற்பது அடி தள்ளி, என் முதுகுக்குப் பின்னால்! நேரம் 5:50-லிருந்து 6:10-க்குள். நான் டார்ச் அடித்துக்கொண்டு வந்து ஸ்டூலை விரிக்கும் நேரமும் அதுதான்.

அடுத்த முறை 5 மணிக்கே போனேன். டார்ச் இல்லை; காற்று எதிர்முகமாக வரும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வந்தது. மீசை மயிர் ஒவ்வொன்றிலும் பனி கோத்திருந்தது, மூச்சு விடும்போதெல்லாம் முகத்துக்கு முன்னால் சின்னப் புகை. கையிலிருந்த பெரிய கேமராவில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 6400, ஷட்டர் 1/250 நொடி. முதல் கிளிக்குக்கே இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது; உடம்பு அசையவில்லை. மூன்று படத்தோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு ஆடிப்போய்விட்டன. மூன்றாவது இப்போது என் மேசைக்கு மேலே இருக்கிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பெரிய தலைவலி பேட்டரி. முதல் பனிக்காலத்தில் சாதாரண ஆல்கலைன் செல்களைப் போட்டேன். குளிரில் அவற்றுக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். பகலில் படமெடுக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிய நிறைய வேண்டும். அதனால் கேமரா ஒரேயடியாகச் சாகாது. பகலில் எடுக்கும், இரவில் எடுக்காது. நான் என்னடாவென்றால், இரவில் பிராணிகள் நடமாட்டமே குறைந்துவிட்டது என்று நோட்டுப் புத்தகத்தில் பெரிதாக எழுதி வைத்தேன். லித்தியம் செல்லுக்கு மாறியதும் ஆந்தையிலிருந்து முள்ளம்பன்றி வரை எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். செல் மாற்றிய பிறகு கடிகாரத்தைச் சரிபார்க்க மறக்காதீர்கள். ஒருமுறை அது தொழிற்சாலைத் தேதிக்கே போய்விட்டது. பத்து நாள் பதிவு குப்பை. இதைப் பற்றித் தயாரிப்பாளருக்கு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை.

இதில் உள்ள உணரி, உடல்சூட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைப் பார்த்துத்தான் விழித்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் வித்தியாசம் அதிகம் என்பதால் பொதுவாக நன்றாக வேலை செய்கிறது. கோடையில் தரையும் உடம்பும் ஒரே சூட்டில் இருக்கும்போது தூங்கிவிடும். ஆனால் பனிக்கால வெயில் தாழ்வாக வருவதை நான் யோசிக்கவில்லை. கிழக்கே பார்த்துக் கட்டிய அந்த வாரம், ஒரே ஒரு கோரைப்புல் காற்றில் ஆடிய 1,200 படங்கள் கிடைத்தன. இப்போது கட்டுவதற்கு முன் கத்தரிக்கோலோடு போகிறேன். சின்னப் பறவைகளை இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் இது கண்டுகொள்வதே இல்லை, அதற்குப் பைனாகுலர்தான்.

என்னுடையதில் அகச்சிவப்பு விளக்கு 850 நானோமீட்டர் அலைநீள ரகம். இரவில் மங்கலாகச் சிவப்பு ஒளி தெரியும், நரி முதல் சில இரவுகள் நேராக அதையே முறைத்தது. 940 ரகத்தில் அந்த ஒளி தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறைவு. இன்னொரு முறை வாங்கினால் தூரத்தை விட்டுக்கொடுத்து அதைத்தான் வாங்குவேன். பனியில் ஊறிய கேமராவை வீட்டுக்குள் கொண்டுவரும்போது, வெளியிலேயே ஒரு ஜிப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். சூடான அறைக்குள் அப்படியே வந்தால் லென்ஸுக்கு உள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும். பெரிய லென்ஸுக்கும் இதே கதிதான்.

இந்தப் பெட்டியால் வந்த இன்னொரு பழக்கம், பறவைகளைக் கிளப்பாமல் இருப்பது. சிறு பறவைகள் குளிர் இரவு ஒன்றைத் தாண்டுவதற்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட இழந்துவிடும். பகல் முழுக்க அதை ஈடுகட்டவே தின்கின்றன. பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவைப் பிடுங்கிவிடலாம் போலிருக்கும்.

இந்த வருடம் நடுக்குளிரில் முதல்முறையாக ஒரே படத்தில் இரண்டு நரிகள் வந்தன. ஒன்பது இரவுகள் சேர்ந்தே வந்தன, பிறகு மறுபடி தனித்தனி. செந்நரியின் கர்ப்பகாலம் சுமார் 52 நாள். நாட்காட்டியில் எண்ணிக் குறித்து வைத்தேன். கடைசி கார்டில் பெட்டை மட்டும், வயிறு தொங்க, மெதுவாக, வாயில் எதையோ கவ்விக்கொண்டு கரைமேட்டுப் புதருக்குள் போகிறது. கேமரா இருந்த மரத்திலிருந்து அந்தப் புதர் பத்தடி. மறுநாள் நடுப்பகலில் போய் அவிழ்த்துவிட்டேன். அவசரத்தில் இழுத்ததில்தான் பக்கிள் உடைந்தது.