குனிந்த தலைக்கு ஏற்ற வண்ணக்கட்டிகள்: ஓர் ஆயில் பேஸ்டல் பெட்டியின் மதிப்புரை

இடது கண்ணின் விழித்திரை நடுவே துளை விழுந்திருக்கிறது என்று கூறி மருத்துவர் நாள் குறித்தபோது, அறுவை சிகிச்சையைவிட அதற்குப் பிந்தைய நாட்களே என்னைக் கலங்கவைத்தன. மாக்குலர் ஹோல் எனப்படும் இந்தக் குறைக்கான விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சையில், கண்ணுக்குள் இருக்கும் கூழ்போன்ற பொருளை அகற்றிவிட்டு வாயுவை நிரப்புகிறார்கள். வாயு மேல்நோக்கியே எழும் என்பதால், கண்ணின் பின்புறத்துத் துளையை அது அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமானால், முகம் தரையை நோக்கியே இருக்க வேண்டும். எனக்கு விதிக்கப்பட்டவை ஐந்து நாட்கள். அவற்றுக்காக வாங்கிவைத்த பொருட்களுள் என்னை உண்மையில் தாங்கியது, 25 வண்ணங்கள் கொண்ட ஓர் ஆயில் பேஸ்டல் பெட்டி.

வாட்டர் கலர் என்றால் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும் அச்சம் உண்டு. கரியும் சாக்பீஸும் முகத்துக்கு நேர்கீழே தூசி கிளப்பும். பென்சில் கோடு மங்கிய பார்வைக்கு எட்டாது. ஆயில் பேஸ்டலோ தடிமனாக, அழுத்தமாக, தாளோடு ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானில் 1925இல் சகுரா நிறுவனம் இதைக் கொண்டுவந்ததன் பின்னணியில், பிள்ளைகள் மாதிரிப் படத்தைப் பார்த்து வரையாமல் தாமாக வரைய வேண்டும் என்று வலியுறுத்திய ஓவியர் யமமோட்டோ கனாயேயின் கருத்து இருந்தது. எதை வரைகிறோம் என்று திட்டமிடாமல் கை போன போக்கில் வரைவதற்கு இது இவ்வளவு இணங்கிவருவதில் வியப்பில்லை.

மருத்துவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன். நாற்காலியில் அமர்ந்து, சுருட்டிய துண்டைச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் வைத்து, கண்ணில் அழுத்தம் படாதவாறு நெற்றியை மட்டும் அதில் சாய்த்து, மடியில் பலகையும் தாளும் வைத்துக்கொண்டேன். வலது கண்ணை மூடினால், தாளில் நேராக இட்டிருந்த புள்ளிக்கோலம் நடுவில் யாரோ நூலைப் பிடித்து இழுத்ததுபோல் உள்வாங்கித் தெரிந்தது. அந்த வளைவையே செங்காவியில் திரும்பத் திரும்ப இழுத்தேன். பயத்தைப் பார்த்து வரைந்த முதல் படம் அது. அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

சிகிச்சைக்குப் பின் கட்டுப் பிரித்ததும், குனிந்த பார்வையின் நடுவே கருவிளிம்புடைய ஒரு வட்டம் தெரிந்தது. அதுதான் வாயுக்குமிழி. தலையைச் சற்று அசைத்தாலும் தாம்பாளத்து நீர்போல் அது தளும்பியது. அதன் விளிம்பைக் கருநீலத்தில் தொடர்ந்தேன். வட்டம் அசைய அசையக் கோடும் அசைந்து, ஒரே தாளில் இருபதுக்கும் மேற்பட்ட வளையங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றின் இடைவெளிகளில் விரலால் பச்சையைத் தேய்த்தபோது, நிறம் இளகிப் பரவுவதைக் கண்ணைவிட விரலே முன்னதாக அறிந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை ஆகிய மூன்றும் மங்கிய பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. உறையில் உள்ள பெயரோ மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. முன்கூட்டியே ஒன்றுக்கு ஒரு சுற்று, இன்னொன்றுக்கு இரண்டு சுற்று என நூல் கட்டிவைத்தால் தடவியே அறியலாம். பெட்டியின் உள்தட்டு தளர்வாக இருப்பதால் கட்டிகள் உருண்டோடுகின்றன; அவற்றை எவர்சில்வர் தட்டில் துணி விரித்து மாற்றிக்கொண்டேன். வழவழப்பான சார்ட் தாளைவிட, பிரவுன் ஷீட்டின் சொரசொரப்பான பக்கமே வண்ணத்தை நன்கு பிடிக்கிறது. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்பதால், சொட்டு மருந்து நேரத்துக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை மறக்கவே கூடாது.

ஐம்பது வண்ணப் பெட்டி இந்த வேலைக்குத் தேவையில்லை. தேடுவதிலேயே கழுத்து வலித்துவிடும். ஐந்தாம் நாள் மாலை பச்சை முழுவதும் தீர்ந்துபோயிற்று. தனிக்கட்டியாகக் கடையில் தருவதில்லை என்பதால், அந்த ஒரு நிறத்துக்காகவே இரண்டாவது பெட்டியையும் வாங்கிவரச் சொன்னேன்.